இன்னும் ஓர் அங்குலம்

எங்கள் களிமண் ஆற்றங்கரை மண்ணில்லை.
கந்தகமும் மெழுகும் கலந்தது.
அடுப்பில் வைத்தால் வெண்ணெய்போல் இளகும்,
ஆறினால் எலும்பு.
டெட்ராய்ட், ஐந்தாவது மாடி, பூட்டிய கதவு,
ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் வெள்ளை பெயின்ட்.
உள்ளே ஆறு பேர்
ஒரு காரைப் பூசிக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை மேலதிகாரி வருவார்.
பின்பக்கம் நின்று கண்ணைச் சுருக்குவார்:
“இன்னும் ஓர் அங்குலம்.”
எதிர் கம்பெனிக்காரன் ஏற்றிவிட்டானாம்.
அங்கேயும் ஒருவர்
எங்களைக் காட்டித்தான் ஏற்றியிருப்பார்.

துடுப்பு என்றோம் அதை. தண்ணீரில்லை.
சிறகு என்றது விளம்பரம். பறக்கவில்லை.
ரொட்டி வாங்கப் போய்வரும் வண்டிக்கு
விண்ணைக் கிழிக்கும் வால்.
நுனியை மட்டும் சுரண்டியால் முடிக்க மாட்டேன்,
கட்டைவிரல்தான்.

அதே வேளையில் நாலு மைல் தள்ளி
என் மகள் பெர்னடெட்
பள்ளி மேசைக்கடியில் பிடரியைக் கையால் மூடிக்
குந்தியிருப்பாள். அணுகுண்டுக்குப் பயிற்சி.
வீட்டுக்கு வந்து அந்தக் குண்டை வரைந்தாள்.
வாண்டா அதை அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டினாள்.
பார்த்தேன். வளைவு என்னுடையது.
நுனியும் என்னுடையது.
அப்பாவின் கார் என்று நினைத்து ஒட்டியிருக்கிறாள்.
நான் திருத்தவில்லை.

பக்கத்து வீட்டு டெல்மர் ஹாக்
மூன்று வருடத் தவணையில் ஒன்று வாங்கினான்.
ரோஜா நிறம், வெள்ளைக் கூரை.
கராஜ் கட்டியது நாற்பத்தேழில்,
அன்றைய கார்களின் அளவுக்கு.
கதவு மூடவில்லை.
சனிக்கிழமை சம்மட்டி எடுத்துப் பின்சுவரை உடைத்து
மூக்கு நுழைய ஒரு பலகைப் பெட்டி அறைந்தான்.
“நீ இழுத்து வைத்ததற்கு
நான் சுவரிடிக்கிறேன், போலெக்!”
சிரித்தான். நானும் சிரித்தபடி பலகையைப் பிடித்தேன்.
எங்கள் தெருவில் அப்படி ஏழு பெட்டிகள்.

ருஃபஸ் பெட்வேயை பஸ்ஸில் சந்தித்தேன்.
குரோமியத் தொட்டியில் ஒன்பது வருடம்.
கைக்குட்டை நுனியை முறுக்கி
ஒரு நாசியில் விட்டு மறு நாசியில் எடுத்தார்,
வித்தைக்காரர்போல.
நடுத்தண்டை ஆவி தின்றுவிட்டது.
பம்பரில் முகம் பார்த்துத் தலைவாரும் ஊர்
அந்த மூக்கைப் பார்த்ததில்லை.
இறங்கும்போது கேட்டார்:
“அடுத்த வருஷம் குரோமியம் கூடுமா, குறையுமா?”
கூடும் என்றேன்.
நல்லது என்றார். பிள்ளைகள் நாலு பேர்.

அக்டோபரில் ரஷ்யாக்காரர்கள் ஒன்றை மேலே அனுப்பினார்கள்.
ரேடியோவில் அதன் குரல், கோழிக்குஞ்சுபோல.
செய்தித்தாள் படத்தை யாரோ ஸ்டுடியோவில் ஒட்டினார்கள்.
ஒரு பந்து. நாலு மீசை.
துடுப்பில்லை, குரோமியக் கோடில்லை.
நிஜமாகவே மேலே போனதற்கு
வால் தேவைப்படவில்லை.
சுரண்டியைப் பிடித்தபடி நின்றோம்.
திங்கட்கிழமை அவர் வந்தார்.
படத்தைப் பார்த்தார். பின்பக்கத்தைப் பார்த்தார்.
“இன்னும் ஓர் அங்குலம்.”

அந்தக் குளிர்காலம்
விற்காத கார்கள் வரிசையாகப் பனியில் புதைந்தன.
வெளியே துடுப்புகள் மட்டும்.
டெல்மருக்கு வேலை போயிற்று.
வங்கிக்காரர் வந்து ரோஜா நிறத்தை இழுத்துப்போனார்.

வெட்டச் சொன்னபோது
கம்பியின் இரு முனையைப் பிடித்து
ஒரே இழுப்பு.
நாலு வருடத் திங்கட்கிழமைகள் தட்டில் விழுந்தன.
வீணாக்கவில்லை. அடுப்பில் வைத்தோம், இளகியது,
அதையே முன்பக்கம் பூசினோம்.
விளம்பரம் இப்போது ‘அடக்கம்’ என்றது.

டெல்மரின் பின்சுவரில்
அந்தப் பெட்டி இன்னும் துருத்தி நிற்கிறது.
பனி அள்ளும் மண்வெட்டி வைத்திருக்கிறான்.
நீளம் சரியாக இருக்கிறது என்கிறான்.